பின்பாதி தங்கையுடையது

1

ஊரில் இருக்கும் நீங்கள் எங்களைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது என்று சொல்வதுண்டு. கார், கார்பெட், குழாயைத் திறந்தால் வெந்நீர். தாராளமாகப் பொறாமைப்படுங்கள். நான் எழுதப்போவது எதிர்ப்பக்கமாகப் போகும் பொறாமையைப் பற்றி. லெஸ்டரில் மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கும் நான், ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில் இரண்டு அறை ஓட்டு வீட்டில் இருக்கும் என் சொந்தத் தங்கை செலினைப் பார்த்து வயிறெரிகிறேன். நேற்று இன்று ஆரம்பித்தது அல்ல.

போன திங்கட்கிழமை நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் நிறைந்தது. என் கணவர் கேக் வாங்கி வந்திருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ஒரே மகள் அனிதா, ஏற்காட்டில் செலினோடு ஐந்து மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். காலையில் கேக் வெட்டக் கூப்பிடலாம் என்று முன்னறைக் கதவைத் திறந்தேன். கார்பெட்டின் மேல் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்திருந்தது. அதில் அனிதா கண்ணை மூடி, கைகால்களைத் தளரவிட்டு மல்லாந்து படுத்திருந்தாள். வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. நடுநடுவே உதடு முணுமுணுத்தது.

“அனிதா, கேக் வெட்டணும்.”

“இருங்கம்மா, முடிச்சுட்டு வாரனுங்க.”

கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். இந்தப் பெண்ணின் வாயில் தமிழை வரவழைக்க நான் படாத பாடு இல்லை. சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தேன். வீட்டில் ஆங்கிலம் பேசினால் காது கேட்காத மாதிரி நடித்தேன். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் தோளைக் குலுக்குவாள். அப்படிப்பட்டவளுக்குச் செலின் ஐந்தே மாதத்தில் ‘ங்க’ போட்டுப் பேசச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பெற்றவள் பூரித்துப்போக வேண்டிய இடம் அது. நான் அடுப்படிக்குப் போய்க் கேக்கை நானே வெட்டி, பெரிய துண்டாக எடுத்து நின்றபடியே தின்றேன்.

2

செலின் என்னைவிட மூன்று வயது இளையவள். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் கொடுத்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். சாயங்காலம் மூடுபனி சன்னல்வரை வந்துவிடும். அப்புறம் வெளியே வேலை இல்லை. அம்மா விளக்கேற்றியதும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்வோம்.

ஜெபமாலை சொல்லும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் ஜெபத்துக்கு இரண்டு பாதி உண்டு. முன்பாதியை ஒருவர் சொல்ல வேண்டும். ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்று பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்லி முடிக்க வேண்டும். பத்துப் பத்தாக மணிகளை உருட்டி அது நீண்டுகொண்டே போகும். எங்கள் வீட்டில் முன்பாதி என்னுடையது. மூத்தவள் சொல்லட்டும் என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார். பின்பாதியை மூன்று பேரும் சொன்னாலும், எனக்குக் கேட்பது செலின் குரல்தான். ஏனென்றால் அவள் எல்லோரும் முடித்த பிறகும் இழுத்துக்கொண்டிருப்பாள்.

அவள் இழுப்பாள், நான் பறிப்பேன். அவள் ‘ஆமென்’ சொல்வதற்குள் நான் அடுத்த ‘அருள் நிறைந்த’வைத் தொடங்கிவிடுவேன். எனக்குச் சீக்கிரம் முடிய வேண்டும். பசி, பாடம், தூக்கம், ஏதாவது ஒன்று காத்திருக்கும். எல்லாவற்றிலும் அப்படித்தான் ஓடினேன். நர்ஸ் படிப்பு, வெளிநாட்டு விண்ணப்பம், விமானம். செலின் மலையைவிட்டே இறங்கவில்லை. மிஷன் பள்ளியில் டிரில் டீச்சராகச் சேர்ந்தாள். கல்யாணம் வந்தபோது ‘பார்க்கலாங்க’ என்று இழுத்தே அதையும் கடத்திவிட்டாள்.

நான் புறப்பட்ட அன்று ஒண்டிக்கடை பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டாள். சன்னலோரம் நின்று, “போயிட்டு வாக்கா” என்றாள். அழவில்லை. அப்போதே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

3

இங்கே என் வாழ்க்கை என்னவென்று கேட்டால் தூக்குவதும் திருப்புவதும் என்று சொல்வேன். முதியோர் வார்டு. கனத்த உடம்புகள். வந்த புதிதில் ஒரு தாத்தாவைப் பற்றி ‘எக்ஸ்பயர்’ ஆகிவிட்டார் என்று வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். ஊரில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே சொல்வார்கள். இங்கே பால் புட்டிதான் எக்ஸ்பயர் ஆகுமாம். ‘எக்ஸ்பயர்’ என்ற பட்டப்பெயர் எனக்கு ஒரு வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

தூக்கித் தூக்கி இடுப்பு போனது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குத் தெரியாததா? யோகா செய்யலாமே” என்றார். பிறப்புச் சான்றிதழோடு அதையும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

எங்கள் தெருமுனைச் சர்ச்சின் கூடத்தில் பார்பரா என்ற அம்மாள் யோகா நடத்தினாள். போனேன். அங்கே இருந்த ஒரே இந்தியப் பெண் நான்தான். பார்பரா ஒவ்வொரு ஆசனத்தின் பெயரையும் சொல்லிவிட்டு, “நான் சரியாகச் சொல்கிறேனா?” என்று என்னைப் பார்ப்பாள். மிஷன் பள்ளியில் படித்த எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ரொம்பச் சரி என்று தலையாட்டுவேன். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது எல்லோரும் என்னையே பார்த்து நின்றார்கள். நான் பக்கத்திலிருந்த பியானோவின் மேல் சாய்ந்து விழுந்தேன். அது வேறு கூடம் முழுக்க ஒரு சத்தம் போட்டது.

அவமானம்கூடப் பெரிதில்லை. கடைசியில் எல்லோரையும் படுக்கவைத்து, “மூச்சை எண்ணுங்கள், மனது தானாக அடங்கும்” என்பாள் பார்பரா. மற்றவர்கள் அடங்கினார்கள். ஒருத்தி குறட்டைகூட விட்டாள். எனக்கு எண்ண எண்ண அடுத்த நாள் டியூட்டியும், அனிதாவின் மார்க்கும், வீட்டுக் கடனும்தான் வந்து நின்றன. மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டேன்.

4

எண்பதுகளின் நடுவில், அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும் இறந்து, முதலாண்டுப் பூசைக்கு ஏற்காடு போனேன். அப்போதுதான் செலினும் யோகா செய்கிறாள் என்று தெரிந்தது. செய்வது மட்டுமல்ல, சொல்லியும் தருகிறாள்.

மழையில் பள்ளி மைதானத்தில் வழுக்கி விழுந்து அவளுக்கும் இடுப்பு போயிருக்கிறது. பார்த்தீர்களா, இடுப்புகூட இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. சேலத்தில் டிரில் டீச்சர்களுக்கு நடந்த முகாமில் யோகா கற்றுக்கொண்டு வந்தாள். மாதா கோயிலில் சில பெண்கள் கூடிப் பேசினார்களாம், இதெல்லாம் நமக்கு ஆகாத சாமி சமாச்சாரம் என்று. செலின் வாதாடவில்லை. அவளுக்கு எண்களைச் சொல்லி மூச்சு விட வரவில்லை. பாதியில் எண்ணிக்கை தவறிப்போகும். அதனால் தெரிந்ததைக் கொண்டு அளந்தாள். ஒருவர் ‘அருள் நிறைந்த’ சொல்லும்வரை மற்றவர்கள் மூச்சை உள்ளே இழுப்பது. ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ சொல்லிக்கொண்டே எல்லோரும் வெளியே விடுவது. பங்குச் சாமியார் ஒருநாள் வந்து நின்று கேட்டுவிட்டு, தடுக்காமல் போய்விட்டாராம். புகார் சொன்னவர்களில் இரண்டு பேர் அடுத்த வாரமே பாயோடு வந்துவிட்டார்களாம்.

காப்பிப் பழ வேலை முடிந்திருந்த சமயம். எஸ்டேட் களம் காலியாகக் கிடந்தது. காலையில் பனி விலகும் முன்னே அதில் ஜமுக்காளங்களை விரித்து டீச்சர்களும் பழம் பறிக்கும் பெண்களும் படுத்திருந்தார்கள். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரத்தில் வேடிக்கை பார்த்தேன்.

“அக்கா, இன்னைக்கு நீ சொல்லு” என்றாள் செலின். “அது உன்ற பங்குதான.”

சரியென்று தொடங்கினேன். முதல் ஜெபத்துக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு அரைகுறையாக வந்தது. மூன்றாவதில் பாதிப் பேர் இருமினார்கள். ஒரு பெண் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். களம் முழுக்கச் சிரிப்பு.

“மெதுவாக்கா. நாங்க இன்னும் மூச்சே எடுக்கல.”

“அக்கா லண்டன் பஸ்ஸப் புடிக்கோணுமாட்ட இருக்குதுங்க” என்றாள் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தவள்.

நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை.

இருந்த பத்து நாளும் செலினிடம் ஒரு குறை கண்டுபிடிக்க அலைந்தேன். குறைகளுக்குப் பஞ்சமில்லை. கோடையில் தண்ணீரைக் கீழேயிருந்து சுமக்க வேண்டும். ஓடு ஒழுகுகிறது. டெலிபோன் இல்லை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒவ்வொன்றையும் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஆனால் அவள் களி கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, சவுக்கு மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். எதற்கும் காத்திருக்காத முகம். அந்த முகத்தைப் பார்த்தால் என் பட்டியல் உதவவில்லை. நான் பாதி உலகம் தாண்டிப் போய்ச் சம்பாதித்தது எதிலும் அது இல்லையே என்றுதான் ஆத்திரம் வந்தது.

கிளம்பும் முன் கேட்டே விட்டேன். “நான் போனப்ப உனக்கு என்மேல பொறாமையே இல்லையா?”

“இல்லாமயா?” என்றாள் உடனே. “நொம்ப இருந்துச்சுக்கா. ஒண்டிக்கடையில பஸ்ஸக் கண்டாலே எரியும். நீ அனுப்புன ஸ்வெட்டர ஒரு வருசம் போடவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க.”

அவ்வளவுதான். அவளுக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்கு முழுதாகப் பிடித்துக்கொண்டது.

5

இப்போது அனிதா. பதினைந்து வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கியவள், பதினெட்டில் பரீட்சைக்கு உட்கார்ந்து பேப்பரைப் பார்த்ததும் மூச்சு முட்டி எழுந்து வந்துவிட்டாள். இரண்டு முறை அப்படி ஆகி, மூன்றாம் முறைதான் எழுதி முடித்தாள். நான் நர்ஸ். கைநாடி பிடித்துப் பார்ப்பேன், காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வேன். அவளோ என் கையைத் தட்டிவிடுவாள். “நீங்கள் பக்கத்தில் நின்றால் இன்னும் வேகமாகிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வாக்கியத்தை நான் இன்னும் சீரணிக்கவில்லை.

ஒரு வருடம் கல்லூரி வேண்டாம், இந்தியா போய்ச் சின்னம்மாவிடம் யோகா படிக்கிறேன் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். விசாவுக்கு இந்தியத் தூதரகத்தில் வரிசையில் நின்றோம். அங்கே இருந்த அதிகாரி நம் ஊர்க்காரர் போலிருந்தது. அனிதாவின் பெயருக்குப் பின்னால் அவள் அப்பாவின் பெயரும், என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயரும் இருப்பதைப் பார்த்துவிட்டு, இவள் உங்கள் மகள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பெயர் வைக்கும் முறை அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார். பிறப்புச் சான்றிதழ் எடுக்க வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பஸ்ஸில் அனிதா முதன்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒண்டிக்கடையில் டெலிபோன் பூத் வந்திருந்தது. ஞாயிறுதோறும் அங்கிருந்து கூப்பிடுவாள். முதல் மாதம் அழுதாள், குளிர் என்றாள், அட்டை கடித்தது என்றாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இரண்டாம் மாதம் கொய்யாப்பழம் பற்றிப் பேசினாள். மூன்றாம் மாதம், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறேன் என்றாள். பேச்சுக்கு நடுவே செலினின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

“கண்ணு, மழ வருது. சீக்கிரம் பேசிட்டு வா சாமி.”

நான் அனிதாவைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. இங்கே அது வாயில் வரவில்லை. வார்டு ஆங்கிலத்தில் எல்லோரையும் கூப்பிடும் ‘லவ்’தான் வரும். போனை வைத்துவிட்டு, வேண்டாத பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் தேய்த்தேன்.

6

திரும்பி வந்தவள் தினமும் காலையில் முன்னறையில் ஜமுக்காளத்தை விரிக்கிறாள். கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்று இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை. பாத்திரங்களை உருட்டினேன், கதவைச் சாத்தினேன், கெட்டிலை விசிலடிக்க விட்டேன். அவள் அசையவில்லை. கதவு வழியாக எனக்குக் கேட்டதெல்லாம் அரை ஜெபம். நீண்ட மௌனம், பிறகு இழுத்து இழுத்து ஒரு ‘அர்ச்சிஷ்ட மரியாயே’. மறுபடி மௌனம். அச்சு அசல் செலின் இழுப்பு.

வியாழக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“அம்மா, நா மறுபடியும் சின்னம்மா ஊட்டுக்கே போலாம்னு இருக்கறனுங்க. ஒரு வருசத்துக்கு. காலேஜ் அடுத்த வருசம் சேந்துக்கறேன்.”

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தூத்துக்குடிக்காரர். இந்த மாதிரி நேரத்தில் மீன்முள் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

“ஊடா?” என்றேன். “அப்ப இது என்ன சத்திரமா? அவதான் உனக்கு அம்மான்னா பாஸ்போர்ட்லயும் மாத்திக்கோ. உன்னப் பெத்தது நான். ராத்திரி டியூட்டி பாத்து வளத்தது நான். அவ என்ன பண்ணா? படுக்கப் போட்டு மூச்சு விடச் சொன்னா. அதுவும் ஒழுங்கா முழு ஜெபமாச் சொல்லித் தரத் தெரியல.”

சொன்ன பிறகு எனக்கே நாக்கு கசந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. “பாதி ஜெபம். முன்பாதி எங்க போச்சு?”

பழைய அனிதாவாக இருந்தால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மாடிக்குப் போயிருப்பாள். இவள் உட்கார்ந்தே இருந்தாள். ஒரு மூச்சு எடுத்து, விட்டு, பிறகு பேசினாள்.

“முன்பாதி உங்களுதுங்கம்மா.”

“என்னது?”

“தனியாப் பண்றப்ப மூச்ச உள்ள எடுக்கறப்ப பேச முடியாதில்லீங்களா. எவ்வளவு நேரம் எடுக்கறதுன்னு நானும் கேட்டேன். சின்னம்மா சொன்னாங்க, ‘அந்த நேரத்துல எங்கக்கா அங்கிருந்து சொல்லீட்டு இருக்கான்னு நெனச்சுக்குவேன் கண்ணு. அவ சொல்லி முடிக்கற வரைக்கும் மூச்சு உள்ள வரும். அப்புறம் நா பதில் சொல்லுவேன்’னு. நீங்க இங்க வந்ததுல இருந்து தினமும் அப்படித்தானாம். யோகா கத்துக்கறதுக்கு முன்னாடியே சாயங்கால ஜெபமால அப்படித்தானாம். களத்துல மத்தவங்க சொல்லுவாங்களாம், ஊட்டுல முன்பாதிய அவங்க யார்கிட்டயும் கொடுக்கவே இல்லயாம்.”

மீன்முள் எடுப்பது நின்றுவிட்டது.

“நீங்க மட்டும் நொம்ப வேகமாச் சொல்லுவீங்களாம்” என்றாள் அனிதா. “ஆனா அவங்க நெனப்புல மெதுவாச் சொல்றீங்களாம்.”

நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இருபது வருடம் நான் அவளுடைய குறைகளை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் அத்தனை வருடமும் என்னை அவள் வீட்டிலேயே வைத்திருக்கிறாள், அதுவும் நிதானமானவளாக. இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் காலை எனக்கு டியூட்டி இல்லை. ஜமுக்காளம் விரிக்கும் சத்தம் கேட்டதும், என் படுக்கையிலிருந்த கம்பளியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அனிதா கண்ணைத் திறந்து பார்த்தாள். காப்பி மேசையைத் தள்ளி இடம் விட்டாள். கம்பளியை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படுத்தேன். எங்கள் வீட்டு உட்கூரையில் ஒரு விரிசல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நான் சொல்றேன்” என்றேன்.

‘அருள் நிறைந்த மரியே’. களத்தில் இருமிய பெண்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். பக்கத்தில் அவள் மூச்சு உள்ளே போவது கேட்டது. நான் முடித்ததும் அவள் தொடங்கினாள். இழுத்தாள். எனக்கு அடுத்ததைப் பறிக்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் என் மூச்சு உள்ளே வந்தது. நெஞ்சோடு நிற்காமல் வயிறுவரை போனது. முன்பாதிக்காரிக்கு மூச்சு எடுக்கும் நேரம் பின்பாதியில் இருக்கிறது. இத்தனை வருடம் செலின் எனக்காகவும் சேர்த்துத்தான் இழுத்திருக்கிறாள். நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

எத்தனை ஜெபம் சொன்னோம் என்று தெரியாது. டியூட்டி நினைவு வந்தது, போனது. வீட்டுக் கடன் வந்தது, அதுவும் போனது. செலின் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் முகம் வந்தது. அது மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் விரட்டவில்லை.

முடிந்ததும் இரண்டு பேரும் எழாமல் கிடந்தோம். தெருவில் பால் வண்டி போனது.

“போறதுன்னா போயிட்டு வா கண்ணு” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில் அவளைவிட எனக்குத்தான் திகைப்பு. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வாரனுங்கம்மா.”

அந்த ‘ங்க’ எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வயிறு வழக்கம்போல எரிந்தது. மூச்சை உள்ளே இழுத்தேன். எங்கிருந்தோ செலின் தன் பாதியைச் சொல்லி முடிக்கட்டும் என்று, அவசரப்படாமல், அதுவரைக்கும் இழுத்தேன்.